மூக்குச் சொட்டு மருந்தும் மூன்று நாள் கணக்கும்

நவம்பர் 3, இரவு 10.20 (கேள்வி)

மூக்கடைப்புக்கு விடும் சொட்டு மருந்தை மூன்று நாளுக்கு மேல் போடாதே என்று அச்சடிப்பது, கம்பெனிக்காரன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போடும் வரி. நான் இரண்டு வருடமாக இரவில் இரண்டு சொட்டு விட்டுக்கொண்டுதான் தூங்குகிறேன். பி.பி. இல்லை, சர்க்கரை இல்லை. மூக்கில் விடுவது மூக்கோடு போய்விடும். வயிற்றுக்குள் போகும் மாத்திரைதான் கெடுதல். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கலாம்.

நவம்பர் 3, இரவு 11.10

பாதி சரி, பாதி தவறு. நான் டாக்டர் இல்லை. டி.பார்ம் படித்துவிட்டு மெடிக்கல் ஷாப்பில் நிற்பவன். இந்தச் சொட்டு மருந்தை விற்பவனும் நான்தான் என்பதால் அதைப் பழித்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

சரியான பாதி: மாத்திரையோடு ஒப்பிட்டால் மூக்கில் விடும் சொட்டில் உடம்புக்குள் சேரும் அளவு குறைவு. தவறான பாதி: "மூக்கோடு போய்விடும்" என்பது. தொல்லையே மூக்கில்தான்.

சளி பிடித்தால் மூக்கைச் சிந்திச் சிந்திப் பார்க்கிறோம். ஒன்றும் வராது, ஆனாலும் அடைத்தபடியே இருக்கும். உள்ளே வழியை மறிப்பது பெரும்பாலும் வீங்கிய சதை. மூக்கின் பக்கச் சுவரில் சுருளாக மூன்று எலும்பு மடிப்புகள் உண்டு. அவற்றைப் போர்த்தியிருக்கும் சவ்வுக்கு அடியில் ரத்தக்குழாய்கள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கும். கிருமியோ தூசியோ பட்டால் அங்கே ரத்தம் தேங்கி மடிப்பு ஊதிக்கொள்ளும். சொட்டில் இருக்கும் ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் போன்ற மருந்துகள் அந்தக் குழாய்களை இறுக்குகின்றன. சில நிமிடத்தில் மூக்கு திறக்கிறது. கடை வாசலிலேயே மூடியைத் திருகி, தலையை அண்ணாந்து விட்டுக்கொண்டு, "அப்பாடா" என்று சொல்லிவிட்டுத்தான் சில்லறை வாங்குவார்கள் சிலர்.

திறந்த மூக்கு மறுபடி மூடும். நாள்பட நாள்பட அந்தக் குழாய்கள் மருந்துக்கு மசியாமல் போகின்றன. மருந்தின் வேகம் தீர்ந்ததும் முன்னைவிட அதிகமாக ஊதுகின்றன. கந்துவட்டிக்காரனிடம் வாங்கிய மூச்சு அது. வட்டி கட்டுவதற்கே அவனிடம் மறுபடி கடன் வாங்க வேண்டும். முதலில் வந்த சளி எப்போதோ போயிருக்கும்; இப்போது இருக்கும் அடைப்பு மருந்தே போட்ட அடைப்பு. இந்தக் கோளாறு 1940களிலேயே மருத்துவ இதழ்களில் பேசப்பட்டது. நீங்கள் முதல் ஆள் இல்லை.

உங்களுக்கு ஒரே ஒரு கேள்வி. ஊருக்குக் கிளம்பும்போது பையில் முதலில் எதை எடுத்து வைக்கிறீர்கள்?

நவம்பர் 4, காலை 6.50

இரவு எழுதியதைக் கொஞ்சம் தளர்த்திச் சொல்கிறேன். மூன்று நாள் என்பது கல்வெட்டு அல்ல. அமெரிக்காவில் ஆக்சிமெட்டசோலின் டப்பாவில் மூன்று நாள் என்றிருக்கும். பிரிட்டனில் நெடுங்காலமாக ஏழு நாள் என்றே சொல்லிவந்தார்கள். நம் மத்திய சுகாதாரத் துறை 2022 மே மாதம், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கலாம் என்று 16 மருந்துகளுக்கு ஒரு வரைவு அறிவிப்பு வெளியிட்டது. மூக்கடைப்பு மருந்தும் அதில் இருந்தது. ஐந்து நாளுக்கு மேல் போடக்கூடாது, தீராவிட்டால் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பது நிபந்தனை. மூன்று நாட்டில் மூன்று கணக்கு. சில ஆய்வுகளில் சில வாரம் தொடர்ந்து போட்டவர்களுக்கும் அடைப்பு திரும்பவில்லை. வேறு சிலவற்றில் சில நாளிலேயே தொடங்கிவிட்டது.

யாருடைய மூக்கு எந்த வகை என்று முன்கூட்டிச் சொல்ல ஆள் இல்லை. அதனால் நான் சிறிய எண்ணைச் சொல்லித்தான் விற்கிறேன். ஆனால் எந்த நாட்டுக் கணக்கிலும் இரண்டு வருடம் என்று இல்லை.

நவம்பர் 4, மதியம் 2.15

கேள்வி கேட்டவர் பதில் சொல்லியிருக்கிறார்: "பையில் முதலில் வைப்பது சார்ஜர். இரண்டாவதுதான் மருந்து." நேர்மையான மனிதர்.

அவர் சொல்லும் இன்னொன்று கவனிக்கத்தக்கது. படுத்தால் ஒரு பக்கம் அடைக்கிறதாம். புரண்டு படுத்தால் மறுபக்கம் அடைக்கிறதாம். எழுந்து உட்கார்ந்தால் திறக்கிறதாம். இதில் ஒரு பங்கு நோயே அல்ல. நம் இரண்டு நாசியும் எப்போதும் சமமாகத் திறந்திருப்பதில்லை. சில மணி நேரம் ஒன்று சற்று வீங்கி இருக்கும், பிறகு மற்றது. ரிச்சர்ட் கெய்சர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1895லேயே இதை எழுதிவைத்தார். நம் ஊரில் இடகலை, பிங்கலை என்று மூச்சைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இது செய்தியே அல்ல. படுக்கும்போது தலைக்கு ரத்தம் கூடுதலாக வரும். கீழ்ப்பக்கத்து நாசி ஊதும். சளி இருந்தால் இது பெரிதாகத் தெரியும், இல்லாவிட்டால் கவனிக்கவே மாட்டோம்.

இந்த முறைமாற்றத்தையே நோய் என்று எண்ணிச் சொட்டு விடுபவர்கள் உண்டு. ஒரு நாசி அடைத்தால் இரண்டிலும் விடுவார்கள், "சமமாக இருக்கட்டும்" என்று. தலையணையைக் கொஞ்சம் உயர்த்திப் பாருங்கள். அதற்குச் செலவும் இல்லை, நாள் கணக்கும் இல்லை.

நவம்பர் 4, இரவு 9.45

சேலத்துக்காரர் ஒருவர், "அப்படியென்றால் மாத்திரையே மேல் அல்லவா, மூக்குக்குப் பழகாதே" என்று கேட்கிறார். இதற்கு நீளமாகத்தான் எழுத வேண்டும்.

கடையில் "சளி மாத்திரை ஒரு அட்டை கொடுங்கள்" என்று கேட்டு வாங்குகிறீர்களே, அதைத் திருப்பிப் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். பெரும்பாலும் மூன்று சரக்கு இருக்கும். காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால், மூக்கு ஒழுகுவதற்குக் குளோர்ஃபெனிரமின், அடைப்புக்கு ஃபீனைல்எஃப்ரின். சிலவற்றில் கஃபீனும் சேரும்.

இதில் ஃபீனைல்எஃப்ரின் கதை வேடிக்கையானது. சொட்டாக மூக்கில் விட்டால் வேலை செய்யும். மாத்திரையாக விழுங்கினால் பெரும்பகுதி குடலிலேயே சிதைந்துபோகிறது. மூக்கு வரை வந்து சேருவது சொற்பம். 2023 செப்டம்பரில் அமெரிக்க மருந்து ஆணையமான எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழுவில் 16 பேரும் ஒருமனதாக, வழக்கமான அளவில் விழுங்கும் ஃபீனைல்எஃப்ரினால் அடைப்பு நீங்குவதாக நிரூபணம் இல்லை என்று வாக்களித்தார்கள். 2024 நவம்பரில் அதைச் சீட்டில்லா மருந்துகளிலிருந்து நீக்க ஆணையமே முன்மொழிந்தது. ஆபத்து என்பதற்காக அல்ல, பயன் இல்லை என்பதற்காக. நம் ஊர் அட்டைகளில் அது இன்னும் குந்தியிருக்கிறது. "எனக்கு அந்த மாத்திரை போட்டால்தான் கேட்கிறது" என்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. பாராசிட்டமால் தலைவலியைக் குறைக்கிறது, குளோர்ஃபெனிரமின் தூங்கவைக்கிறது, பெயர் மூன்றாவது ஆளுக்குப் போகிறது.

அதற்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தது ஃபீனைல்புரொப்பனோலமைன். இளம்பெண்களிடையே மூளை ரத்தக்கசிவோடு அதற்குத் தொடர்பு இருப்பதாக யேல் பல்கலைக்கழக ஆய்வு காட்டியதை அடுத்து, 2000இல் அமெரிக்கா அதை நிறுத்தச் சொன்னது. இந்தியாவில் 2011இல்தான் தடை வந்தது. நடுவில் போனது பத்து வருடத்துக்கு மேல். அந்தக் காலத்தில் அதை எல்லோரும் பெட்டிக்கடையிலேயே ஒன்றிரண்டாகக் கிழித்து வாங்கிச் சாப்பிட்டார்கள்.

உண்மையிலேயே மூக்கைத் திறக்கும் மாத்திரைச் சரக்கு சூடோஎஃபெட்ரின். ஆனால் அது மூக்கின் குழாய்களை மட்டும் தேடிப் போவதில்லை, உடம்பு முழுவதும் போகிறது. படபடப்பு, தூக்கமின்மை, ரத்த அழுத்தம் கூடுதல். 2024 தொடக்கத்தில் ஐரோப்பிய மருந்து முகமை, கட்டுக்குள் இல்லாத பி.பி. உள்ளவர்களும் கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களும் அதைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டது. அரிதாக மூளை ரத்தக்குழாய்களைப் பாதித்ததுதான் காரணம்.

நவம்பர் 4, இரவு 10.30

மேலே எழுதியதில் விட்டுப்போனது. அதை ஆள் வைத்துச் சொன்னால்தான் மனதில் நிற்கும்.

கடைக்கு ஒரு பெரியவர் வருவார், எழுபதைத் தாண்டியவர், வேட்டியில் எப்போதும் மூக்குப்பொடி வாசனை. ஒருநாள் அவருடைய மகன் ஓடிவந்து, "ஐயா, அப்பாவுக்கு நேற்று இரவிலிருந்து சிறுநீர் வரவில்லை, அடிவயிறு கல்லாக இருக்கிறது, ஏதாவது மாத்திரை கொடுங்கள்" என்றார். என்ன சாப்பிட்டார் என்று கேட்டேன். வேறு ஏதோ கடையில் வாங்கிய சளி மாத்திரை, இரண்டு வேளை. ப்ராஸ்டேட் வீக்கம் அவருக்கு ஏற்கெனவே உண்டு. ஆனால் சளி மாத்திரைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று யாருக்குத் தோன்றும்? குளோர்ஃபெனிரமின் சிறுநீர்ப்பையைச் சோம்பலாக்கும், அடைப்பு நீக்கும் சரக்கு அதன் வாயை இறுக்கும். இரண்டும் சேர்ந்து கதவைப் பூட்டிவிட்டன. இதற்கு மாத்திரை கிடையாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று ஆட்டோ பிடித்துக் கொடுத்தேன். குழாய் போட்டு எடுத்தார்கள். இப்போது அவர் சளி என்று வந்தால் நானே உப்புநீர்ச் சொட்டைத்தான் எடுத்து வைக்கிறேன். "இது வெறும் தண்ணீர்தானே, இதற்கா காசு" என்று திட்டிக்கொண்டே வாங்கிப் போவார்.

ஆகவே வாங்கும் முன் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள்: பி.பி., இதய நோய், தைராய்டு அதிகம், கண் அழுத்தம், ப்ராஸ்டேட், சர்க்கரை, மனச்சோர்வு மாத்திரை, கர்ப்பம். கடைக்காரர் கேட்க வேண்டியதுதான். மாலை ஏழு மணிக்குக் கடையில் பத்துப் பேர் நிற்கும்போது கேட்க மாட்டார்.

நவம்பர் 5, காலை 7.30

இதையும் சேர்த்துவிடுகிறேன். சளி மாத்திரையில் பாராசிட்டமால் இருப்பது தெரியாமல், அதன்மேல் காய்ச்சலுக்கு என்று 650 மில்லிகிராம் பாராசிட்டமாலைத் தனியாகப் போடுபவர்கள் அனேகம். வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் என்பது உச்சவரம்பு. குடிப்பழக்கமோ கல்லீரல் கோளாறோ இருந்தால் அதைவிடக் குறைவு. "ஜுரத்துக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, உடம்பு வலிக்கு ஒன்று" என்று மூன்று அட்டை வாங்குகிறவர் ஒரே சரக்கை மூன்று பெயரில் விழுங்குகிறார்.

நவம்பர் 5, இரவு 8.50

திருநெல்வேலிப் பக்கத்து அம்மா ஒருவர், ஆறு மாதக் குழந்தைக்கு மூக்கடைப்பு, பால் குடிக்க முடியவில்லை, பெரியவர்களுக்கான சொட்டில் பாதி விடலாமா என்று கேட்டிருக்கிறார்.

வேண்டாம் அம்மா. கால் சொட்டும் வேண்டாம். கைக்குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும், அதனால்தான் அடைத்தால் பால் குடிக்கத் திணறுகிறது. பால் கொடுப்பதற்குச் சற்று முன் உப்புநீர்ச் சொட்டு ஒவ்வொரு நாசியிலும் ஒன்றிரண்டு விட்டு, வருவதைத் துணியால் ஒற்றி எடுங்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு இது போதும். விலா எலும்பு உள்வாங்க மூச்சு இழுத்தாலோ, பாலையே மறுத்தாலோ சொட்டைத் தேடிக் கடைக்கு வராதீர்கள், டாக்டரிடம் போங்கள்.

குழந்தைகளுக்கென்று அளவு குறைத்த புட்டிகள் கடையில் உண்டு. ஆக்சிமெட்டசோலின் பெரியவர்களுக்கு 0.05 சதவீதம், குழந்தைகளுக்கு 0.025, கைக்குழந்தைக்கு 0.01. சைலோமெட்டசோலின் பெரியவர்களுக்கு 0.1, குழந்தைகளுக்கு 0.05. அதையும் டாக்டர் எழுதினால் மட்டும். புட்டியும் மூடியும் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். எண்ணைப் படிக்காமல் வாங்கினால் ஐந்து மடங்கு மாறும்.

புட்டியைக் குழந்தை கையில் எட்டும்படி வைப்பதும் அதே அளவுக்கு ஆபத்து. இந்த வகை மருந்தை ஒன்று அல்லது இரண்டு மில்லி குடித்துவிட்டாலே சின்னக் குழந்தை மயங்கி, இதயத் துடிப்பு இறங்கி, மூச்சு மெலிந்துபோகலாம் என்று எஃப்.டி.ஏ. 2012இல் எச்சரித்தது. கண் சிவப்புக்கு விடும் சில சொட்டுகளும் இதே குடும்பம். தொட்டில் பக்கத்து ஜன்னல் திட்டில் அந்தப் புட்டி இருக்கிறதா என்று இப்போதே எழுந்து பாருங்கள்.

நவம்பர் 5, இரவு 9.40

அதே அம்மா: "என் மாமியார் குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுகிறார், அது பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று எழுத எனக்குத் துணிவில்லை. எண்ணெய் மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலில் இறங்கினால் இருமல்கூட வராமல் அங்கேயே தங்கி, நிமோனியாவாக முடியும். நம் ஊர்க் குழந்தை மருத்துவர்கள் இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போயிருக்கிறார்கள். மாமியாரிடம் நீங்கள் சொல்ல வேண்டாம். தடுப்பூசிக்குப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போய் டாக்டர் வாயால் சொல்லவையுங்கள்.

கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தடவுவதும் அப்படித்தான். கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும்; குழந்தை அதை விழுங்கினால் வலிப்பு வரும், ஒரு கிராம் அளவே சின்னக் குழந்தையின் உயிருக்கு ஆபத்தாகலாம். டப்பாவில் வரும் தைலத்திலும் இரண்டு வயதுக்குக் கீழ் வேண்டாம் என்றுதான் அச்சிட்டிருக்கிறது.

இதோடு இன்னொன்று: குளோர்ஃபெனிரமினும் ஃபீனைல்எஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குக் கீழ் கொடுக்கக்கூடாது என்று லேபிளில் போடும்படி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. வீட்டில் பழைய சிரப் புட்டி இருந்தால் அதில் இந்த எச்சரிக்கை இருக்காது. "அக்காள் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்தது மிச்சம் இருக்கிறது" என்று இளையவனுக்கு ஊற்றாதீர்கள்.

நவம்பர் 6, மதியம் 1.05

ஓசூர்க்காரர் கேட்டது: எப்படி விடுவது?

சொட்டு என்றால் படுத்து, தோளுக்கடியில் தலையணை வைத்துத் தலையைப் பின்னால் தொங்கவிட்டு விடுங்கள். ஒரு நிமிடம் அப்படியே இருங்கள். ஸ்ப்ரே என்றால் தலையை நிமிர்த்தியோ சற்றுக் குனிந்தோ வைத்து, முனையை நடுச்சுவருக்கு எதிர்ப்பக்கம், அதாவது அந்தப் பக்கத்துக் கண்ணின் வெளிமூலையை நோக்கிச் சாய்த்து அழுத்துங்கள். வலது நாசிக்கு இடது கை, இடது நாசிக்கு வலது கை என்றால் சாய்வு தானாக வரும். அடித்தவுடன் சர்ரென்று உறிஞ்சாதீர்கள். தொண்டையில் கசப்பு இறங்கினால் மருந்து மூக்கில் தங்கவில்லை, உங்கள் வயிற்றுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

ஆக்சிமெட்டசோலின் பன்னிரண்டு மணி நேரம் வரை தாங்கும், நாளைக்கு இருமுறைக்கு மேல் வேண்டாம். சைலோமெட்டசோலின் எட்டு முதல் பத்து மணி நேரம், மூன்று முறைக்கு மேல் வேண்டாம். புட்டி திறந்த தேதியை பேனாவால் லேபிளில் எழுதுங்கள். ஒரு மாதம் ஆனால் தூக்கி எறியுங்கள். ஒரு புட்டிக்கு ஒரு மூக்கு. கணவன் மனைவியாகவே இருந்தாலும்.

நவம்பர் 6, மாலை 6.20

ஒரே வியாபாரப் பெயரில் மருந்துள்ள சொட்டும் வரும், வெறும் உப்புநீரும் வரும். ஒன்றுக்கு நாள் கணக்கு உண்டு, மற்றதற்கு இல்லை. மாறிப்போய், உப்புநீர் என்று நினைத்து மருந்தை மாதக்கணக்கில் விட்டவர்களை எனக்குத் தெரியும். பெரிய எழுத்தைப் படிக்காதீர்கள். அதற்குக் கீழே உள்ள சின்ன எழுத்தில் "மெட்டசோலின்" என்று முடியும் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

நவம்பர் 7, இரவு 10.00

"இதெல்லாம் எதற்கு, ஆவி பிடித்தால் போதும்" என்று மதுரையிலிருந்து ஒருவர். எனக்கும் நொச்சி இலை போட்ட ஆவி பிடிக்கும். போர்வைக்குள் முகம் வேர்த்து வெளியே வரும்போது கிடைக்கும் சுகத்தை எந்தப் புட்டியும் தராது. ஆனால் அது சுகம். அடைப்பு வைத்தியமாக அதற்கு வலுவான சான்று இல்லை. கொதிக்கும் பாத்திரத்தின் மேல் குழந்தையைக் குனியவைத்து வெந்துபோன கதைகள்தான் அதிகம். பெரியவர்கள் மேசைமேல் ஆடாமல் வைத்துப் பிடியுங்கள், குழந்தைகளுக்கு வேண்டாம்.

புதினா உப்பு வாசனையும் அதே ஜாதி. மென்தால், மூக்கில் குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தட்டி எழுப்புகிறது. மூச்சு தாராளமாகப் போவதுபோல் தோன்றும். அளந்து பார்த்தால் காற்றோட்டம் மாறியிருக்காது. ஏமாற்றுதான், ஆனால் கெடுதல் இல்லாத ஏமாற்று. படுக்கும் நேரத்தில் பெரியவர்களுக்கு நான் அதற்கு எதிரி இல்லை.

உறிஞ்சும் குச்சியிலும் ஊருக்கு ஊர் வித்தியாசம். பிரிட்டனின் பனிச்சறுக்கு வீரர் ஆலன் பாக்ஸ்டர் 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்று, ஊக்கமருந்துச் சோதனையில் இழந்தார். ஊரில் வழக்கமாக உறிஞ்சிய விக்ஸ் குச்சிதானே என்று அமெரிக்காவில் வாங்கிப் போட்டிருக்கிறார். அங்கே அதே பெயரில் விற்றதில் லெவ்மெத்தாம்ஃபெட்டமைன் என்ற அடைப்பு நீக்கும் சரக்கு இருந்தது. அதற்கு முன் 2000 சிட்னியில் ருமேனியாவின் ஆண்ட்ரேயா ரடுகான், 16 வயது ஜிம்னாஸ்டிக் வீராங்கனை, அணி டாக்டர் கொடுத்த சளி மாத்திரையில் இருந்த சூடோஎஃபெட்ரினால் தங்கத்தை இழந்தார். மாநில அளவில் ஓடும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இந்த இரண்டு கதையையும் சொல்லிவையுங்கள்.

நவம்பர் 9, காலை 8.10

கேள்வி கேட்டவர் இப்போது, "சரி, விட்டுவிடலாம் என்று பார்க்கிறேன், எப்படி?" என்கிறார். இரண்டு வருடப் பழக்கம் என்பதால் காது மூக்கு தொண்டை டாக்டரை ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. அடியில் ஒவ்வாமையோ, மூக்குத்தண்டு வளைவோ, சதை வளர்ச்சியோ இருந்தால், சொட்டை நிறுத்தியும் அடைப்பு போகாது; நீங்கள் என்மேல் பழி போடுவீர்கள்.

டாக்டர்கள் வழக்கமாகச் செய்வது: மூக்கில் அடிக்கும் ஸ்டெராய்டு ஸ்ப்ரேயைத் தொடங்கிவிட்டுச் சொட்டை நிறுத்தச் சொல்வார்கள். புளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்றவை. ஸ்டெராய்டு என்றதும் அலற வேண்டாம். அடைப்பைச் சொட்டு போல் திருப்பிக் கொண்டுவராது. ஆனால் அவசரக்காரர்களுக்கு அது சரிப்படாது. பலன் தெரிய நாள்கள் ஆகும். இரண்டு நாள் அடித்துவிட்டு "இது கேட்கவில்லை" என்று திரும்பக் கொடுக்க வருபவர்கள் எனக்கு வாடிக்கை.

ஒரேயடியாக நிறுத்தத் தைரியம் இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. முதலில் ஒரு நாசியில் மட்டும் நிறுத்துங்கள். மற்றதில் வழக்கம்போல் விடுங்கள். நிறுத்திய பக்கம் முதல் சில இரவு சுவர் போல் அடைத்திருக்கும், ஆனால் மறுபக்கம் மூச்சு இருப்பதால் தூங்கிவிடலாம். ஓரிரு வாரத்தில் அந்தப் பக்கம் தானாகத் திறந்ததும் மற்றதையும் நிறுத்துங்கள். உப்புநீர் எத்தனை முறை வேண்டுமானாலும் விடலாம். என் மைத்துனன் இப்படித்தான் மீண்டான். முதல் வாரம் முழுவதும் வீட்டில் யாரோடும் நல்ல வார்த்தை பேசவில்லை. அதற்கும் மருந்துக்கும் தொடர்பு இருப்பதாக என் தங்கை நம்பவில்லை.

நவம்பர் 9, இரவு 9.15

உப்புநீர் என்றதும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், மூக்கில் தண்ணீர் ஊற்றிக் கழுவும் ஜலநேதி செய்யலாமா என்று. செய்யலாம், தண்ணீர் சரியாக இருந்தால். குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், தொட்டித் தண்ணீர் எதுவும் அப்படியே கூடாது. நன்றாகக் கொதித்து ஒரு நிமிடமாவது தளதளவென்று நின்ற தண்ணீரை ஆறவைத்துத்தான் ஊற்ற வேண்டும். நெக்லேரியா என்ற அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போகும். அதே தண்ணீரைக் குடித்தால் ஒன்றும் செய்யாது. 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரில் நேதி செய்த இருவர் இப்படி இறந்தார்கள். கேரளத்தில் 2024, 2025இல் அமீபா மூளைக்காய்ச்சல் செய்திகளைப் படித்திருப்பீர்கள். ஆர்.ஓ. தண்ணீர் போதாதா என்று கேட்பவர்களுக்கும் அதே பதில்: கொதிக்க வையுங்கள்.

நவம்பர் 10, மதியம் 12.40

ஒரே பக்கம் மட்டும் மாதக்கணக்கில் அடைப்பு, அதோடு ரத்தம் கசிவு என்றால் சொட்டும் வேண்டாம், என்னைப் போன்றவர்களின் பேச்சும் வேண்டாம், டாக்டர். குழந்தைக்கு ஒரே நாசியில் நாற்றத்தோடு சளி வந்தால் உள்ளே புளியங்கொட்டையோ பட்டாணியோ இருக்கும், அதுவும் டாக்டர். கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை மங்கல் என்றால் அன்றே.

நவம்பர் 12, இரவு 10.25

கடைசியாக வந்த கேள்விக்குப் பதில். மகன் வேலைக்காக ஓசாகா போகிறானாம், அம்மா சளி மாத்திரை பத்து அட்டை கட்டித் தருகிறாராம்.

சூடோஎஃபெட்ரின் பத்து சதவீதத்துக்கு மேல் உள்ள மருந்தை ஜப்பானுக்குள் கொண்டுபோகவே கூடாது. போதைப்பொருள் தயாரிக்க உதவும் சரக்கு என்பதால் விமான நிலையத்திலேயே பிடிப்பார்கள். அட்டையின் பின்பக்கம் அந்தப் பெயர் இருந்தால் இங்கேயே விட்டுவிடட்டும். மற்ற சீட்டில்லா மருந்துகள் சொந்த உபயோகத்துக்கு இரண்டு மாத அளவு வரை பரவாயில்லை. அட்டையைக் கத்தரிக்காமல் பெயர் தெரியும்படி கொண்டுபோகச் சொல்லுங்கள். சளியோடு விமானம் ஏறினால், இறங்கத் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பு ஸ்ப்ரே ஒருமுறை அடித்துக்கொள்ளலாம், காது வலி குறையும். சின்னப் புட்டி என்பதால் கைப்பையில் தடை இல்லை. அம்மாவிடம், மிளகு ரசப்பொடி ஒரு பாக்கெட் கூடுதலாக வைக்கச் சொல்லுங்கள்.